சூடு ஆறாத தவிடு

இப்போதெல்லாம் யாரும் எதையும் மோந்து பார்ப்பதில்லை. பொட்டலத்தின் முதுகில் ஒரு தேதி அச்சடித்திருந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்கிறார்கள். அந்தத் தேதியை அடித்தவன் யார், அன்றைக்கு அவன் என்ன நினைப்பில் இருந்தான், ஒன்றும் கேட்பதில்லை. பால் திரிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளத் தேதி. மாவு கெட்டுவிட்டதா என்று தெரிந்துகொள்ளத் தேதி. மாவுக்குள் வண்டு ஊர்வது கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, ஆனாலும் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்கிறார்கள். வண்டுக்குப் படிக்கத் தெரியாது என்பது ஒருவருக்கும் உறைப்பதில்லை.

பெரியவரின் கட்சி இதுதான். எழுதினவன் பொய் சொல்வான், மூக்கு சொல்லாது. பள்ளிக்கூடத்துக்கு அவர் போனது கொஞ்ச நாள். அதற்குள்ளேயே வாத்தியார் சொல்வதையெல்லாம் நம்பிவிட முடியாது என்று தெரிந்துபோய் நின்றுவிட்டார். அதன்பிறகு மூக்குதான் அவருக்கு வாத்தியார். மாத்திரையை மோந்து பார்த்துத்தான் விழுங்குவார். புதுச் சட்டையை மோந்து பார்த்துத்தான் போடுவார். பஸ் டிக்கெட்டைக்கூட ஒரு தரம் மூக்கருகே கொண்டுபோய்விட்டுத்தான் பைக்குள் வைப்பார். தெருவில் அவருக்கு 'சந்தேகம்' என்று பெயர். டீக்கடையில் இருப்பவர்கள், அதோ சந்தேகம் வருது, டம்ளரை நல்லாக் கழுவு என்பார்கள். அது அவர் காதில் விழும். விழுந்தால் என்ன, டம்ளர் கழுவப்படுகிறதே.

உழைத்த காலத்தில் அவருக்கு லாரி நிறுத்தத்தில் வேலை. பாரம் ஏற்றியபின் மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டுவார். அவர் போடும் முடிச்சு மேட்டிலும் பள்ளத்திலும் நழுவாது, வேறு ஒருவனால் அவிழ்க்கவும் முடியாது. போய்ச் சேரும் இடத்தில் ஆட்கள் திட்டிக்கொண்டே கயிற்றை அறுப்பார்கள் என்று கேள்விப்பட்டு அவர் உள்ளூரச் சந்தோஷப்பட்டிருக்கிறார். அந்த லாரிகளையே பார்த்து வளர்ந்த மகன் டிரைவர் ஆகிவிட்டான். மாதத்தில் பாதி நாள் அவன் குரல் மட்டும்தான் வீட்டுக்கு வரும், போன் வழியாக.

வீட்டுக்குப் பின்னால் கோழிக்கொட்டகை. அது மருமகளுடையது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். நாள் முழுக்கக் காலர், காலர், காலர். முழுச் சட்டையை அவள் கண்ணால் பார்த்தது கடைக் கண்ணாடிக்குள்தான். கழிப்பறைக்குப் போவதற்கும் மேற்பார்வைக்காரியிடம் கை தூக்க வேண்டும். ஒருநாள் கையைத் தூக்கினவள் அப்படியே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் இருந்ததைப் போட்டு, கூரை வேய்ந்து, கம்பி வலை அடித்து, கறிக்கோழிக் குஞ்சு இறக்கினாள். முதல் பேட்ச் நன்றாக வந்தது, இரண்டாவதும் வந்தது. பிறகு மக்காச்சோளத்தின் விலை மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது, இறங்குவேனா என்றது. கோழி தின்கிற தீவனத்தில் பாதிக்குமேல் அதுதான். கோழி வளர்ந்தது, கையில் ஒன்றும் நிற்கவில்லை.

இதற்குள் சோபா வியாபாரி ஒருவன் வாசலில் வந்து நின்றான். கொட்டகையைக் குடோனுக்கு விட்டால் மாதா மாதம் வாடகை கொடுத்துவிடுவதாகச் சொன்னான். மகன் போனில் யோசித்து யோசித்துப் பேசினான். இன்னும் ஒரு பேட்ச் பார்ப்போம், அதுவும் இப்படியே போனால் சோபாவுக்கு விட்டுவிடலாம் என்றான். மருமகள் சரி என்றாள். போனை வைத்தபின் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலர் தைக்கிற கை.

மறுவாரம் அவள் கால்நடை மருத்துவமனையில் ஏதோ பயிற்சி என்று போய்விட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக, சோளத்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அரிசித் தவிடு கலக்கப் போவதாகச் சொன்னாள். சின்னக் குஞ்சுக்கு ஆகாதாம், கொஞ்சம் இறகு முளைத்தபின் கொடுக்கலாமாம். தவிட்டில் சத்து இருக்கிறதாம், எண்ணெய் இருக்கிறதாம். அந்த எண்ணெய்தான் சீக்கிரம் கெடுமாம், அதனால் அன்றன்றைக்கு அரைத்த தவிடாக இருக்க வேண்டுமாம். பெரியவர் அத்தனை 'ஆம்'களையும் கேட்டுக்கொண்டார். சொன்ன டாக்டர் கொட்டகைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவரா, வெளியே நின்றே வைத்தியம் பார்க்கிறவரா என்று கேட்டார். தவிடு எங்கிருந்து வரும் என்று கேட்டார். அதற்குத்தான் அவள் கொஞ்சம் தயங்கினாள். அவள் அண்ணன் அரிசி மில் வைத்திருக்கிறான்.

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மில்லுல இடம் அடைக்குதுன்னு சொல்லு. உங்க அண்ணனுக்குக் குப்பை கொட்ட எடம் வேணும், அதுக்கு நம்ம கோழி வயிறுதான் கெடைச்சுதா?"

"அப்ப வேற மில்லுல வாங்கிக்கிறேன் மாமா. அதுக்குச் சம்மதமா?"

"வேற மில்லுக்காரன் திருடன்னு நமக்குத் தெரியும். தெரிஞ்ச திருடனால தொந்தரவு இல்லை. சொந்தக்காரன்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்க அண்ணனுக்கு நீங்க என்ன வேணும், நீங்களும் சொந்தக்காரர்தானே என்று கேட்டாள். அதனால்தான் அவனும் என்னிடம் ஜாக்கிரதையாக இருக்கிறான் என்றார் அவர். உண்மைதான். அவர் மில் பக்கம் தலை காட்டினால் மருமகளின் அண்ணன்காரன் தராசைத் துடைப்பான்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். கொட்டகையின் நடுவில் வலையைக் குறுக்கே கட்டுவது. வலது பக்கத்துக் கோழிக்கு எப்போதும்போல் சோளம் நிறையப் போட்ட தீவனம். இடது பக்கத்துக்குத் தவிடு கலந்தது. ஒரே குஞ்சு, ஒரே தண்ணீர், ஒரே காற்று. எடை போடும் நாளில் முள் சொல்லட்டும். பெரியவருக்கு இது பிடித்திருந்தது. யாரையும் நம்ப வேண்டிய அவசியம் இதில் இல்லை. ஆனால் தவிட்டை மில்லிலிருந்து எடுத்து வருவது நான்தான், வேறு எவன் கையிலும் கொடுக்கக் கூடாது என்றார். உங்களை விட்டால் வேறு யார் போவார் மாமா என்றாள் அவள். இதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாளோ என்ற சந்தேகம் அவருக்கு அப்போதே வந்தது.

குஞ்சுகளுக்கு இறகு முளைத்ததும் பெரியவர் சைக்கிளை எடுத்தார்.

மில்லுக்குள் போனால் எல்லாமே ஒரே நிறம். சுவர், கூரை, மின்விளக்கு, மருமகளின் அண்ணன், எல்லாவற்றின் மேலும் மாவுத்தூசி. அந்த மனிதனுக்கு நரைத்துவிட்டதா இல்லையா என்பது குளித்தால்தான் தெரியும். மூலையில் மூட்டை மூட்டையாகத் தவிடு அடுக்கியிருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்றான். பெரியவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாலிஷ் எந்திரத்திலிருந்து தவிடு வந்து விழுகிற குழாய்க்கு அடியில் போய்ச் சாக்கை விரித்துக்கொண்டு நின்றார். எப்போது ஓட்டுவாய் என்றார். இன்னும் நெல்லே கொட்டவில்லை மாமா என்றான். நிற்கிறேன் என்றார்.

நின்றார். நெல் விழுந்து, உமி பறந்து, அரிசி வெளுத்து, குழாயிலிருந்து தவிடு வெதுவெதுப்பாக இறங்கியது. ஒரு கை அள்ளி மோந்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். இனித்தது. அது அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பிடித்தார், கொழுக்கட்டை மாதிரி பிடித்த பிடி நின்றது. எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தபோது மட்டும் ஏதோ குத்தியது.

"உமி கலந்திருக்க."

"மாமா, கலக்கலை. சல்லடை கொஞ்சம் தேய்ஞ்சிருக்கு."

"தேய்ஞ்சதும் நீதான தேய்ச்ச."

அன்றைக்கே அவன் சல்லடையை மாற்றினான். மாற்றாவிட்டால் மறுநாளும் அவர் குழாயடியில் நின்று அதையே சொல்வார், நெல் கொண்டுவருகிற ஆட்கள் காதில் விழும். பெரியவர் சாக்கின் வாயைச் சுருக்கித் தன் முடிச்சைப் போட்டார். வழியில் எவனும் மாற்றிவிடாமல் இருக்க. வழியில் அவரைத் தவிர எவனும் இல்லை, அது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்தால் அந்த முடிச்சை மருமகள் ஒரு இழுப்பில் அவிழ்த்துவிட்டாள். அவர் சொல்லிக் கொடுத்ததில்லை. கொடிக் கயிறு கட்டும்போது பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டிருக்கிறாள். உலகத்திலேயே அவரைத் தவிர அந்த முடிச்சு தெரிந்த ஒரே ஆள் அவர் வீட்டுக்குள்ளேயே இருப்பது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் கொஞ்சம் வேறு மாதிரியாகவும் இருந்தது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் மில், குழாயடி, மோந்து பார்த்தல், நக்கிப் பார்த்தல், மருமகளின் அண்ணன்காரனைத் திட்டுதல், முடிச்சு, சைக்கிள். மில்லில் நெல் குத்த வரும் பெண்கள் அவருக்கு வழி விடப் பழகிவிட்டார்கள். ஒருத்தி தன் தவிட்டையும் நீட்டி, இதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க என்றாள். பார்த்தார், பழசு என்றார். அன்றைக்கு மில்லில் நடந்த சண்டைக்கு அவர் பொறுப்பில்லை.

வீட்டில் மீதி நேரத்துக்கு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வலை ஓரமாகப் போட்டுக்கொண்டார். மருமகள் தவிட்டுப் பக்கத்துக்கு ஒரு கை கூடப் போட்டுவிடுவாள் என்று பயம். அவள் தட்டை நிரப்பும்போதெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். அவளும் வேண்டுமென்றே ஒவ்வொரு குவளையையும் அவர் முகத்துக்கு நேரே காட்டி, சரியா மாமா, தலை தட்டிட்டேன் பாருங்க என்று காட்டிவிட்டுத்தான் கொட்டுவாள். வலதுபக்கக் கோழிகள் தின்றன. இடதுபக்கக் கோழிகளும் தின்றன. அவை சும்மா தின்பதுபோல் பாவனை காட்டுவதாக அவர் மகனிடம் போனில் சொன்னார். கோழி எதுக்குப்பா பாவனை காட்டணும் என்று அவன் கேட்டதற்கு, அது உன் பொண்டாட்டி வளர்த்த கோழி என்றார்.

ஒருநாள் மில்லில் இரண்டு சாக்குத் தவிடு கிடைத்தது. இரண்டையும் கட்டினார். சைக்கிள் ஒன்றைத்தான் தாங்கும். மற்றதை எந்திரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, சாயந்தரம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று புறப்பட்டார். சாயந்தரம் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் போனபோது குழாயில் புதுத் தவிடு சூடாக இறங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்த சந்தோஷத்தில் வேறு எதுவும் நினைவில்லை.

மழை வாரம் முழுக்க விட்டு விட்டுப் பெய்தது. அது வெறித்த காலையில் மில்லின் பெல்ட் அறுந்துபோனது. இன்றைக்கு எந்திரம் ஓடாது என்று சேதி வந்ததும், பெரியவர் சைக்கிளின் பின் டயருக்கு ஒட்டுப் போடக் கிளம்பிவிட்டார். டயர்க்காரன் வைத்த ஒட்டை அவர் தண்ணீரில் முக்கி, காற்றடித்து, மறுபடியும் முக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது.

கொட்டகைக்குள் நுழைந்ததும் ஏதோ மாறியிருந்தது. சத்தம். வலதுபக்கம் எப்போதும்போல் தட்டில் டொக்டொக்கென்று கொத்தும் சத்தம். இடதுபக்கம் அமைதி. தட்டு நிறையத் தீவனம், கோழிகள் சுற்றி நிற்கின்றன. ஒன்று போய்க் கொத்தும், அலகை உதறும், தண்ணீர்க் குழாய்க்குப் போய்விடும். இன்னொன்று கொத்தும், அதுவும் உதறும்.

பெரியவருக்கு வாயெல்லாம் பல். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தானே. நாற்காலியை இழுத்துப் போட்டு, துண்டை மடித்து அடியில் வைத்துக்கொண்டு, வசதியாக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். மருமகள் வரட்டும். ஒரு வார்த்தையும் பேசக் கூடாது, விரலால் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மூக்கு வேலை செய்தது. காறல் வாடை. எண்ணெய்த் தலை வைத்துப் படுத்து நாட்கணக்காகத் துவைக்காமல் போட்ட தலையணை உறையின் வாடை. எழுந்து போய்த் தட்டிலிருந்து அள்ளி நாக்கில் வைத்தார். கசந்தது. கெட்ட தவிடு.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். மத்தியானத்துக்குள் பசி தாங்காமல் இதுகள் இதையே தின்றுவிடும். நாளைக்குக் கழியும். நாளன்றைக்குச் சுருண்டு படுக்கும். தவிடு தவிடுதான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். டாக்டருக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், மாவு பூசிய அந்த அண்ணன்காரனுக்கு நன்றாகவே தெரியும். அவர் சொன்னது சொன்னபடி நடந்ததாக இருக்கும். கொட்டகையில் சோபா வந்து உட்காரும். அவள் கையைத் தூக்கி அனுமதி கேட்கப் போவாள்.

இடதுபக்கத்துக் கோழி ஒன்று வலைக்கு அடியில் கழுத்தை நீட்டி அவர் செருப்பு வாரைக் கொத்தியது. தின்ன முடியுமா என்று பார்த்தது. முடியாது என்று தெரிந்ததும் தலையைச் சாய்த்து அவரையே பார்த்தது.

"என்னை ஏன் பாக்குற. நானா போட்டேன்?" என்றார். கோழி பார்த்துக்கொண்டே இருந்தது. பெரியவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. எழுந்து வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், தட்டுத் தட்டாகக் கவிழ்க்க ஆரம்பித்தார்.

பாதி கவிழ்த்திருப்பார். வாசலில் மருமகள்.

"என்ன மாமா பண்றீங்க?"

"கொட்டுறேன்."

"அது தெரியுது." அவள் குரல் தாழ்ந்திருந்தது. தாழ்ந்தால்தான் அவளிடம் பயப்பட வேண்டும். "இத்தனை நாள் வாயால பேசுனீங்க, மாமாதானேன்னு சிரிச்சுக்கிட்டேன். இப்ப கையாலேயே கெடுக்குறீங்களா? நான் மறுபடியும் காலர் தைக்கப் போறதுல உங்களுக்கு அப்படி என்ன மாமா சந்தோஷம்?"

பெரியவர் ஒரு கை தீவனத்தை அள்ளி அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள். கை கூடவே போனது. மோந்தாள். முகம் மாறியது. மறுபடியும் மோந்தாள்.

"காலையில வேன்ல அண்ணன்தான் ஒரு மூட்டை அனுப்புனான். எந்திரம் நின்னுபோச்சு, இதை வச்சு இன்னைக்கு ஓட்டிக்கோன்னு."

அவ்வளவு போதும். பெரியவர் நிமிர்ந்தார். கோழி வளர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் உயிரோடு இருந்ததுபோல் இருந்தது. சொன்னேனா இல்லையா, சொந்தக்காரன் என்று சொன்னேனா, எந்திரம் நின்றது என்று சாக்குச் சொல்லிப் பழசைத் தலையில் கட்டினானா இல்லையா என்று மூச்சு விடாமல் அடுக்கினார். எங்கே அந்த மூட்டை, அதைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் அவன் மடியில் கொட்டாமல் விடமாட்டேன் என்று தீவன அறைக்கு நடந்தார். அவளும் அதே கோபத்தோடு பின்னால் வந்தாள். இருவரும் ஒரே கட்சியில் இருந்தது அன்றைக்குத்தான்.

மூட்டை சுவரோரம் பாதி காலியாக நின்றது. அவள் காலையில் அவிழ்த்தவள், ஈரம் போகாமல் இருக்க அதே மடிப்பில் முடிச்சைத் திரும்ப இழுத்து விட்டிருந்தாள். பெரியவர் கயிற்றில் கை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

அவள்தான் கேட்டாள்.

"மாமா. இந்த முடிச்சு யாரு போட்டது?"

"நீ போட்டது."

"நான் மறுபடி இழுத்துவிட்டதுதான். வரும்போதே இந்த முடிச்சுதான் இருந்துச்சு."

பெரியவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "என்னுது மாதிரி இருக்கு" என்றார்.

"மாதிரியா?"

எந்திரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தது, சாயந்தரம் பிடித்த மழை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் முன்னால் நின்றன.

"இது உங்க முடிச்சுன்னு பாத்ததும் நான் மோந்தே பாக்கலை மாமா" என்றாள் அவள்.

இதைக் கேட்டதும்தான் பெரியவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "என் முடிச்சுன்னா? என் முடிச்சுன்னா என்ன, நான் என்ன சாமியா? மோந்து பாக்க வேணாமா? மூக்கை எதுக்கு வச்சிருக்க, மூக்குத்தி போடவா? இத்தனை நாள் என்கூட இருந்து என்னதான் கத்துக்கிட்ட?"

அவள் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அந்தக் கெட்ட மூட்டையின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றார் பெரியவர். அவர் மீசைக்கு அடியிலும் ஏதோ அசைந்தது. அதைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

போனில் அண்ணனைக் கூப்பிட்டால் அவன் பாட்டும் அதேதான். எந்திரத்துக்குப் பின்னால் மூட்டை இருந்தது, மாமா முடிச்சு இருந்தது, ஊரில் எவனை நம்பாவிட்டாலும் இதை நம்பலாம் என்று ஏற்றி அனுப்பினேன் என்றான். பெரியவர் போனைப் பிடுங்கிக்கொண்டார். ஒரு மில் முதலாளி மோந்து பார்க்காமல் மூட்டையை அனுப்புகிறானே, இவனை நம்பி ஊர் எப்படி அரிசி தின்கிறது என்று கேட்டார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வந்ததும் போனை வைத்துவிட்டார்.

தவறு செய்தவன் எவனோ, ஓடினவன் அண்ணன்தான். எங்கெங்கோ அலைந்து பெல்ட்டை வாங்கிவந்து மாட்டி, மத்தியானத்துக்குள் எந்திரத்தை ஓட்டினான். பெரியவர் குழாயடியில் நின்று பிடித்தார். சைக்கிள் வேண்டாம், வேனிலேயே போங்கள் என்றான். வேனின் முன்சீட்டில் தவிட்டுச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேட்டி வழியாகச் சூடு தொடையில் இறங்கியது. வேன் டிரைவர், கட்டலையா பெரியவரே, சிந்துமே என்றான். பிடிச்சுக்கிறேன் என்றார். முடிச்சின் மேல் அன்றைக்கு அவருக்கு நம்பிக்கை இல்லை. வீடு வந்து சேரும்வரை சாக்கின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.

இடதுபக்கக் கோழிகள் அந்தக் கலவை தட்டில் விழுந்ததும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து தின்றன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பெரியவர் நாற்காலியில் தூங்கிப்போனார்.

எடை போடும் நாள் வந்தது. கோழி வியாபாரி விடியலில் வண்டியோடு வந்து இறங்கினான். அவன் தராசை மாட்டுவதற்குள் பெரியவர் மடியிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்தார். அதன் எடை அவருக்குத் தெரியும். மளிகைக் கடையிலும், பழைய இரும்புக் கடையிலும், தபால் ஆபீசிலும் வைத்துப் பார்த்தது. மூன்று இடத்திலும் ஒன்றுபோல் காட்டியதால்தான் கல்லை நம்பினார். வியாபாரி முறைத்துக்கொண்டே கல்லைத் தொங்கவிட்டான். முள் சரியான இடத்தில் நின்றது. பெரியவருக்கு மறுபடியும் ஒரு சின்ன ஏமாற்றம்.

வலதுபக்கக் கூண்டுகள் ஏறின. பிறகு இடதுபக்கம். மருமகள் சுவரில் சாய்ந்து, புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அன்றைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தான், நன்றாகவே நரைத்திருந்தது. மகன் லாரியை எங்கோ ஓரங்கட்டிவிட்டு போனில் காத்திருந்தான். ஒவ்வொரு கூண்டுக்கும் பெரியவர் முள்ளுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தார். கடைசிக் கூண்டு இறங்கியதும், எது எந்தத் தீவனம் என்று தெரியாத வியாபாரியிடம் மருமகள் கேட்டாள், ரெண்டு பக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று.

"என்ன வித்தியாசம்? நடுவுல ஒரு வலை, அதான்" என்றான் வியாபாரி.

"இடதுபக்கம் ஒரு மயிரிழை கம்மி" என்றார் பெரியவர். "நான் பாத்தேன்."

கம்மிதான். அவர் பொய் சொல்லவில்லை. மருமகள் தீவன அறைக் கதவைத் திறந்துவிட்டாள். முந்தின பேட்ச்சில் துடைத்து வைத்தமாதிரி காலியாகக் கிடந்த மூலையில், தவிட்டால் மிச்சமான மக்காச்சோள மூட்டைகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. அடுத்த குஞ்சுகள் வந்து இறங்கினால் தின்ன ஆரம்பிக்கலாம். அந்த மூட்டைகளைப் பார்த்தும் பெரியவர் வாய் மூடவில்லை. மயிரிழையும் இழைதான் என்றார். போனில் மகன், அப்பா அந்த இழையை நீங்களே வச்சுக்கோங்க, குஞ்சுக்குச் சொல்லிடட்டுமா என்று கேட்டான். சொல்லுங்க என்றாள் மருமகள். கையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள். ஒரு கையை அல்ல, இரண்டையும்.

சோபா வியாபாரி அன்றைக்குப் பார்த்தா வர வேண்டும். அளவு நாடாவோடு வந்தான். கதவின் அகலத்தை அளக்கப் போனவனை மருமகள் நீல நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்தாள். எங்ககிட்ட இருக்குற ஒரே சோபா இதுதாண்ணே, இதுலயே எங்க மாமாவுக்கும் உங்களுக்கும் சண்டை வரும் என்றாள். அவன் டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

அண்ணன் வேனிலிருந்து ஒரு முக்காலியை இறக்கினான். புதுசு, பச்சைப் பெயிண்ட் இன்னும் நெடி அடித்தது. குழாயடியில் போட்டுவிடுகிறேன் மாமா, இனிமேல் நின்று கால் வலிக்க வேண்டாம் என்றான். மில்லில் தவிடு வாங்க வேறு பண்ணைக்காரர்களும் கேட்டு வருகிறார்களாம், மாமா முடிச்சு இருந்தால்தான் எடுப்போம் என்கிறார்களாம். மருமகளும் சேர்ந்துகொண்டாள்.

"ஒத்துக்கோங்க மாமா. தவிடு நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போய் உக்காருங்க."

பெரியவர் முக்காலியைச் சுற்றிவந்து பார்த்தார். ஒரு காலை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை.

"ஒரு பேட்ச். அதுவும் மழையில வளந்தது" என்றார். "வெயில் காலத்துல இந்தத் தவிடு எத்தனை மணி நேரம் தாங்கும்னு எவனுக்குத் தெரியும். சல்லடை மறுபடியும் தேயும். இவன் மறுபடியும் பெல்ட்டு அறுந்துச்சும்பான். நீ முடிச்சைப் பாத்ததும் மூக்கை மூடிக்குவ. நான் எதையும் ஒத்துக்கலை."

சொல்லிவிட்டு ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். சைக்கிளைத் தள்ளினார். மில் ஓட்டும் நேரம் ஆகிவிட்டது. இவர்கள் இப்படி இங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தால் அங்கே குழாயடியில் யார் நிற்பது? கோழி எல்லாம் வண்டியேறிப் போய்விட்டதே மாமா, இன்றைக்குத் தவிடு எதற்கு என்று பின்னாலிருந்து மருமகள் கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருமுனை திரும்பும்போது இடுப்பிலிருந்து கயிற்றின் நுனியைப் பிடித்து இழுத்து மூக்கருகே கொண்டுபோனார், முகத்தைச் சுளித்தார், நடந்தார்.